பானம் திரைந்த காரணம்

கொட்டாஞ்சேனை,
03.09.2024, செவ்வாய்

அன்பின் அண்ணிக்கு,

முர்ஷித்தின் ஓட்டோவில் வரும் குளிர்ப்பெட்டியில் மூன்று போத்தல்கள் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் தொலைபேசி அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கோ காது பாதிதான் கேட்கிறது. நீங்கள் மெதுவாகப் பேசினால் எனக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்படி பேசினால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் நீங்கள் சொன்னதை வீட்டுக்கு வந்தவுடன் எழுதிவைத்துக்கொண்டேன். அண்ணனின் உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. பால்போல இருப்பது மட்டும் இறங்குகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மா வயிற்றைக் கலக்குகிறது. நவம்பர் பதினோராம் திகதி நிறுக்கும்போது நாற்பத்தாறு கிலோ இருந்தால்தான் சத்திரசிகிச்சை, இப்போது நாற்பத்திரண்டரை. இதில் ஏதும் பிழையிருந்தால் தயவுசெய்து திருத்துங்கள்.

போத்தலில் பால் புரதமும் பெக்ரினும் தேங்காயெண்ணெயும் சீனியும் தேசிப்புளியும் இருக்கின்றன. பெக்ரின் என்பது ஜாம் உறைவதற்குப் போடும் பழச்சத்து மா. கொள்ளுப்பிட்டியில் கேக் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். புரதத்தையும் பெக்ரினையும் சரியான புளிப்பில் சேர்த்துச் சூடாக்கினால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நனோ துணிக்கைகளாகின்றன. அவை ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றிநின்று, துளிகள் ஒன்றுசேராமல் காக்கின்றன. அதனால்தான் இவ்வளவு எண்ணெய் இருந்தும் பால்போல இறங்குகிறது. அண்ணனின் மெலிந்த உடம்புக்கு எண்ணெய்தான் வேண்டும்.

உணவுப் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் மற்றவர்கள் செய்ததைச் சோதித்தவன் நான். நானாக எதையும் செய்து ஒருவருக்குக் குடிக்கக் கொடுத்தவனில்லை. ஆகவே முதலில் கிளினிக்கில் உணவு ஆலோசனை சொல்லும் நதீஷா மிஸ்ஸிடம் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். அவர் சரியென்றால் மட்டும் கொடுங்கள்.

யார் செய்தது என்று அண்ணனுக்குச் சொல்லவேண்டாம். என் அறிக்கையால் அவருடைய பான வேலைத்தலம் மூடப்பட்டுப் பதின்மூன்று வருடமாகிறது. என் கையால் செய்த எதையும் அவர் வாயில் வைக்கமாட்டார்.

வெறும் போத்தல்களைக் கழுவாமல் திருப்பி அனுப்புங்கள். அடியில் என்ன மிஞ்சுகிறது என்று நான் பார்க்கவேண்டும்.

பணிவுடன்,
சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை,
06.09.2024

அன்பின் தம்பி,

கழுவாத போத்தலை இன்னொரு வீட்டுக்கு அனுப்பியதாக என் தாய் அறிந்திருந்தால் கல்லறையில் திரும்பிப் படுத்திருப்பா. உங்களுக்காக அந்தப் பாவத்தையும் செய்கிறேன்.

நதீஷா மிஸ் உங்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தாராளமா குடுங்கோ அன்ரி, எழுதினவர் மார்ஜின் எல்லாம் கோடு போட்டிருக்கிறாரே" என்று சிரித்தா. உங்கள் அண்ணனிடம் கிளினிக்கில் கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாதி உண்மைதான்; மீதியை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன்.

முதல் போத்தலைக் கையில் வாங்கியதும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். தான் செய்த பானத்தை அந்தக் காலத்தில் பார்த்ததுபோலவே பார்த்தார், தம்பி. நான் கோப்பையோடு பக்கத்தில் நின்றேன். "நல்லா நிக்குது. ஆரோ வேலை தெரிஞ்சவன் செய்திருக்கிறான்" என்றார். பிறகு குடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார்.

முழுவதையும் குடித்தார். பத்து நாளில் முதல் தடவை.

நீங்கள் எனக்குப் பணிவுடன் என்று எழுதவேண்டாம். நான் அரசாங்கத் திணைக்களம் இல்லை.

அன்புடன்,
மாக்ரெட் அண்ணி


வெள்ளவத்தை,
17.09.2024

அன்பின் தம்பி,

சனிக்கிழமை நிறுத்தோம், நாற்பத்து மூன்று கிலோ, நூறு கிராம். சந்தோஷமாக எழுதத்தான் இருந்தேன்.

ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து பானம் திரைகிறது. பிரிட்ஜில் வைத்துவிட்டு மத்தியானம் எடுத்தால், மேலே மஞ்சள் தண்ணீர், கீழே தயிர்போலக் கட்டி. குலுக்கினாலும் சேரவில்லை. அந்தக் கட்டி அவர் தொண்டையில் நின்று இருமல் எடுத்து, நான் முதுகைத் தட்டி, பக்கத்து வீட்டு துஷாந்தினியைக் கூப்பிட்டு, பெரிய பாடாய்ப் போய்விட்டது. இப்போது போத்தலைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். மூன்று நாளாய் அரைக் கோப்பைக்கு மேல் இறங்கவில்லை.

வியாழக்கிழமை கிளினிக்குக்குப் போய் வந்தோம். இரத்தம் எடுத்தார்கள், மருந்துத் துண்டு இன்னும் நீண்டிருக்கிறது. நவம்பர் பதினொன்றை மாற்ற முடியாது, அதற்குப் பிறகு பெரிய டொக்டர் மூன்று மாதம் நாட்டில் இல்லை என்கிறார்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

மாக்ரெட் அண்ணி


கொட்டாஞ்சேனை,
20.09.2024

அன்பின் அண்ணிக்கு,

என் பிழையாகத்தான் இருக்கவேண்டும். அண்ணன் உப்புக் காணாது என்றார் என்று நீங்கள் எழுதியதால், பத்தாம் திகதியிலிருந்து போத்தலுக்குக் கால் தேக்கரண்டி உப்புச் சேர்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. புரதமும் பெக்ரினும் எதிரெதிர் மின்னேற்றத்தால்தான் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. உப்பில் இருக்கும் சோடியம் அயன்கள் நடுவில் புகுந்து அந்த ஈர்ப்பை மறைத்துவிடும். நாற்பது வருடம் முன்பு படித்தது, தெரிந்தும் செய்தேன்.

ஆனால் நேற்றும் இன்றும் உப்பில்லாமல் ஒன்று, கால் தேக்கரண்டியுடன் ஒன்று, அரையுடன் ஒன்று என்று வைத்துப் பார்த்தேன். உப்புக் கூடக் கூடப் பானம் கொஞ்சம் நீர்த்ததே தவிர, ஒன்றும் திரையவில்லை. ஆகவே உப்பு இல்லை என்று நினைக்கிறேன். அல்லது நான் நிறுத்தது பிழையாக இருக்கலாம். தராசை மீண்டும் சரிபார்த்தேன்.

சில விஷயங்களைக் கேட்கவேண்டியிருக்கிறது. கோபிக்கவேண்டாம். போத்தலுக்குள் நீங்கள் எதையாவது சேர்க்கிறீர்களா? சீனி, தேன், வேறு பால்? சூடாக்குகிறீர்களா? பிரிட்ஜில் உறையும் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறீர்களா? வேறு பாத்திரத்தில் ஊற்றுகிறீர்களா?

இன்று அனுப்பும் மூன்றும் உப்பில்லாதவை. அண்ணன் இருமினார் என்று வாசித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை,
24.09.2024

தம்பி,

ஒன்றும் சேர்ப்பதில்லை. ஒரு துளி சீனிகூட இல்லை. சூடாக்குவதில்லை. உறையும் தட்டுக்கும் போத்தலுக்கும் இடையில் ஒரு முழு மரக்கறித் தட்டு இருக்கிறது. வேறு பாத்திரத்தில் ஊற்றுவதில்லை, நேராகக் கோப்பையில்தான்.

உப்பில்லாததும் திரைந்துவிட்டது. சனிக்கிழமை நாற்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம். இறங்குகிறது, தம்பி.

போத்தல்கள் கழுவாமல் வருகின்றன. மணக்கும், மன்னியுங்கள்.

மாக்ரெட் அண்ணி


கொட்டாஞ்சேனை,
27.09.2024

அன்பின் அண்ணிக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் அனுப்பிய போத்தல்களின் அடியில், கட்டிக்குக் கீழே, வெள்ளை மாப்போல ஒரு படிவு இருந்தது. நான் போட்ட எதுவும் அப்படிப் படியாது. அதை வழித்தெடுத்துச் சமையலுக்குப் பாவிக்கும் வினாகிரி விட்டேன். நுரைத்தது. சுண்ணாம்பு வகைதான் அப்படி நுரைக்கும்.

நீங்கள் ஒன்றும் சேர்ப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வார்த்தையில் எனக்குச் சந்தேகமில்லை. அப்படியென்றால் வீட்டில் இருப்பது இன்னும் ஒருவர்தான். பானத்தைச் செய்வது யாரென்று அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் பானத் தொழில் செய்தவர். பாலில் எதைப் போட்டால் திரையும் என்று அவருக்குத் தெரியாமல் இராது.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் என்மேலுள்ள கோபத்துக்காக அவர் பட்டினி கிடக்கக்கூடாது. இந்த வாரத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அளவுகளையும் செய்முறையையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நதீஷா மிஸ்ஸுக்குத் தெரிந்த யாராவது செய்யட்டும். நான் விலகினால் அவர் குடிப்பார்.

சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை,
27.09.2024, பின்னேரம்

தம்பி,

முர்ஷித்தை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். அவர் ஓட்டோவை அணைக்காமல் நிற்கிறார், ஆகவே சுருக்கமாகத் திட்டுகிறேன்.

உங்கள் அண்ணனால் கட்டிலிலிருந்து பிரிட்ஜ்வரை நடக்க முடியாது. அவர் களவாகச் சுண்ணாம்பு போட்டாராம்! அறுபது வருடமாய் உங்கள் உடன்பிறந்தவரைப் பற்றி உங்களுக்கு இவ்வளவுதான் தெரியுமா? அவர் கோபித்தால் போத்தலைச் சுவரில் அடிப்பாரே தவிர, இப்படிச் செய்யமாட்டார்.

அது நான்.

பன்னிரண்டாம் திகதி கிளினிக்கில் கல்சியம் குளிசை, அந்தச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை, கொடுத்தார்கள், காலை ஒன்று, மாலை ஒன்று. அவருக்குக் குளிசை விழுங்க ஏலாது. ஆகவே இரண்டையும் அம்மியில் பொடித்துக் காலையிலேயே போத்தலுக்குள் போட்டுக் குலுக்கி வைத்தேன். நீங்கள் சீனியா, தேனா, பாலா என்றுதான் கேட்டீர்கள். மருந்தைப் பற்றிக் கேட்கவில்லையே. மருந்து சாப்பாட்டில் சேர்த்தியா, தம்பி? எனக்கு அது நினைவிலேயே வரவில்லை. உங்கள் கடிதத்தில் நுரைத்தது என்பதை வாசித்தபோதுதான் அந்தக் குளிசை நினைவுக்கு வந்தது.

இரண்டு கிழமை என் கையால் அவருடைய சாப்பாட்டைக் கெடுத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் தராசைக் குறைசொல்லிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள்.

விலகுகிற கதையை விடுங்கள். செவ்வாய்க்கிழமை பெட்டி வரவேண்டும்.

மாக்ரெட் அண்ணி


கொட்டாஞ்சேனை,
04.10.2024

அன்பின் அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை போத்தல்களோடு கடிதம் வைக்காததற்கு மன்னியுங்கள். வெட்கமாக இருந்தது. மருந்தைப் பற்றிக் கேட்காதது என் பிழை. கேள்வி கேட்பதுதான் என் தொழிலாக இருந்தது.

குளிசையைத் தனியே தண்ணீரில் கரைத்து, பானத்துக்கு இரண்டு மணி முன்போ பின்போ கொடுக்கலாம் என்று நதீஷா மிஸ் சொன்னதாக முர்ஷித் சொன்னார். அதுவே போதும். ஆனால் காரணத்தைப் பார்க்காமல் விட என்னால் முடியவில்லை; ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோடியம் அயன் ஒரு கையுள்ள ஆள்போல. நடுவில் நின்று மறைக்கும், அவ்வளவுதான். கல்சியத்துக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு பெக்ரின் இழையையும் மறுகையால் இன்னொன்றையும் பிடிக்கும். நிறையக் கல்சியம் வந்தால் இந்தத் துணிக்கையை அடுத்த துணிக்கையோடு கட்டிப்போடும், அது அதற்கடுத்ததோடு. மட்டக்குளி பஸ்ஸில் படியில் நிற்பவர் உள்ளே இருப்பவரைப் பிடிக்க, அவர் இன்னொருவரைப் பிடிக்க, கடைசியில் யாரும் இறங்க முடியாமல் ஒரே கட்டியாக நிற்பதில்லையா, அப்படி.

ஆனால் மிகக் கொஞ்சமாக, நீங்கள் போட்டதில் பத்தில் ஒரு பங்கு, எண்ணெய் சேர்க்க முன்பே மெதுவாக விட்டால், கல்சியம் ஒரே துணிக்கைக்குள் இருக்கும் இழைகளை மட்டும் கட்டுகிறது. துணிக்கை இறுகுகிறது. அப்படிச் செய்த போத்தல் நான்கு நாளாக என் மேசையில் அசையாமல் நிற்கிறது. முந்தியது இரண்டு நாளில் மேலே ஆடை கட்டும். நீங்கள் தவறாகப் போட்டிராவிட்டால் இது எனக்குத் தெரிந்திராது. என் கணிப்பில் பிழை இருக்கலாம், ஆனால் போத்தல் நிற்கிறது.

இனி வருபவை அந்த வகை.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பின்பக்கக் கிணறு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் அனுப்ப முடியுமா? அவசரமில்லை. இல்லை, கொஞ்சம் அவசரம்தான்.

சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை,
11.10.2024

அன்பின் தம்பி,

நாற்பத்து மூன்று கிலோ எண்ணூறு! ஒரு நாளைக்கு ஒரு போத்தல் முழுவதும் போகிறது. இருமல் இல்லை. நேற்று ஒரு கரண்டி கஞ்சித் தண்ணீரும் கேட்டு வாங்கினார்.

கிணற்றுக்கு மேல் தகரம் போட்டுப் பல வருடம். முர்ஷித்தான் தகரத்தை நகர்த்தி, வாளியில் கயிறு கட்டி அள்ளினார். "அன்ரி, இதைக் குடிச்சா கடல்ல விழுந்தமாதிரி இருக்கும்" என்றார். குடிக்க அல்ல என்றேன். எதற்கென்று கேட்டார், எனக்கே தெரியாதே.

வாளி விழுந்த சத்தம் உங்கள் அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. ஆர் கிணத்தடியில என்று கேட்டார். செடிக்கு என்று சொன்னேன். முகட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்தக் கிழமை எந்தப் பீப்பாயைக் கழுவாம விட்டனான் எண்டு இப்பவும் யோசிக்கிறனான், மாக்ரெட். எல்லாத்தையும் கழுவினமாதிரித்தான் கிடக்கு."

பதின்மூன்று வருடத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறந்தது இரண்டாம் தடவை. நான் பானத்தை ஊற்றிக் கொடுத்தேன்.

தண்ணீர் எதற்கு, தம்பி?

மாக்ரெட் அண்ணி


கொட்டாஞ்சேனை,
15.10.2024

அன்பின் அண்ணிக்கு,

தண்ணீர் எதற்கென்று சொல்கிறேன். வாசித்த பிறகு இந்தக் கடிதத்தை என்ன செய்வதென்று நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும். எனக்கு அந்தத் துணிவு இல்லை.

2011 சித்திரையில் அண்ணனின் மாம்பழப் பால் பானத்தின் ஆறு போத்தல்கள் என் மேசைக்கு வந்தன. கடைக்காரர் ஒருவர் முறையிட்டிருந்தார். மேலே மஞ்சள் தண்ணீர், கீழே கட்டி. கிருமி வளர்த்துப் பார்க்கும் ஊடகம் அப்போது எங்களிடம் முடிந்திருந்தது; வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். நான் காத்திருக்கவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து, "நுண்ணுயிர்களால் பழுதடைந்துள்ளது, நுகர்வுக்கு உகந்ததல்ல" என்று எழுதி ஒப்பமிட்டேன். அந்தக் கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாவித்தேன் என்று அண்ணன் தன் வாக்குமூலத்தில் எழுதியிருந்தார். கிணற்றுத் தண்ணீர் என்றதும் கிருமிதான் என்று முடிவுகட்டினேன். அவர் என் மேசைக்கு முன்னால் நின்று, "மணந்து பாரடா, புளிக்கேல்ல" என்று சொன்னார். நான் மணந்துகூடப் பார்க்கவில்லை.

உங்கள் போத்தலில் திரைந்ததைக் கண்டபோது எனக்கு அந்த ஆறு போத்தல்களும் நினைவு வந்தன. அச்சு அசல் அதே தோற்றம். அண்ணனின் பானத்திலும் பால் புரதமும் பெக்ரினும்தான். கடலோரக் கிணற்றில் கல்சியம் நிறைய இருக்கும்; கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கல்சியம் முழுவதும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அளவில் இரண்டு பானம் செய்தேன். குழாய்த் தண்ணீரில் செய்தது இன்றும் நன்றாக நிற்கிறது. உங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிச் செய்தது நாற்பது நிமிடத்தில் திரைந்தது. எந்தக் கிருமியும் நாற்பது நிமிடத்தில் அதைச் செய்யாது. நான்கு தடவை திருப்பிச் செய்தேன். நான்கு தடவையும் அதேதான்.

அந்தப் பானத்தில் கிருமியே இருக்கவில்லை என்று இன்று என்னால் சொல்லமுடியாது, போத்தல்கள் இல்லை. ஆனால் திரைந்ததை மட்டும் வைத்துப் பழுது என்று எழுத எனக்கு உரிமை இருக்கவில்லை. அவர் பீப்பாயைக் கழுவாமல் விட்டதற்கு ஒரு ஆதாரமும் இல்லை.

இதை அவரிடம் சொன்னால் பானம் செய்வது நான் என்றும் சொல்லவேண்டும். அவர் குடிப்பதை நிறுத்திவிடலாம். இன்னும் இரண்டு கிலோ வேண்டும், நான்கு கிழமைக்கும் குறைவு. சொல்லாமல் விட்டால், அந்தப் பீப்பாய்களை எண்ணிக்கொண்டே அவர் சத்திரசிகிச்சை மேசைக்குப் போவார். திரும்பி வராவிட்டால் என்று நினைத்துப் பார்க்கிறேன், மேலே எழுத முடியவில்லை.

சவுந்தரநாயகம்


வெள்ளவத்தை,
22.10.2024

அன்பின் தம்பி,

உங்கள் கடிதத்தை ஐந்து நாள் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். முதல் நாள் உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதமாட்டேன். அந்த வேலைத்தலத்தில் போத்தலுக்கு மூடி அடித்தவள் நான். என் கைதான் சுத்தமில்லையோ என்று நானும் யோசித்திருக்கிறேன். நீங்கள் அதை அறியமாட்டீர்கள்.

இரண்டாம் நாள் கோபம் பாதியாயிற்று. நான்கு தடவை திருப்பிச் செய்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மத்தியானம் போத்தலை நீட்டினேன், கையால் தள்ளினார். இரவும் இல்லை. திங்கட்கிழமை தேநீர்த் தண்ணீர் மட்டும். நிறுத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன், நாற்பத்து நான்குக்கு வந்தவர் மறுபடி நாற்பத்து மூன்று அறுநூறு. நான் செய்தது சரியா என்று ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டேன். முடிவு என்னுடையது, ஆகவே உங்களைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டு ஒரு கடிதமும் எழுதவேண்டாம்.

இன்று காலை தானாகவே கூப்பிட்டார்.

"அவனை இஞ்ச வரச் சொல்லு. எனக்கு முன்னால கலக்கட்டும். ரெண்டு தண்ணியிலயும்."

வருவார், அதுவரைக்கும் என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் ஊத்து. கண் மங்கிக் கிடந்தா எப்பிடிப் பாக்கிறது?"

அரைப் போத்தல் குடித்தார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள். பிளெண்டர் இங்கே இருக்கிறது. பயந்து பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொல்லமுடியாது. முர்ஷித்திடம் உங்களை வீட்டிலிருந்தே ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

மாக்ரெட் அண்ணி


கொட்டாஞ்சேனை,
25.10.2024

அன்பின் அண்ணிக்கு,

நேற்று நீங்கள் பார்த்தவற்றைத் திருப்பி எழுதத் தேவையில்லை. நான் மாம்பழக் கூழை மேசையில் சிந்தியதையும், அண்ணன் என்னோடு நேரே பேசாமல் "அவனிட்டக் கேளு, எத்தினை கிராம் போட்டவன்" என்று உங்களைக் கேட்டதையும், இரண்டடி தூரத்தில் நின்ற நான் உங்களுக்குப் பதில் சொன்னதையும் நீங்களே பார்த்தீர்கள். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் திரைந்தபோது அவர் அதை வாங்கி மூக்கருகே பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் மணந்தேன். புளிக்கவில்லை.

அதன்பிறகு நீங்கள் தேநீர் போடப் போனீர்கள். நீங்கள் திரும்பி வந்தபோது அண்ணன் சிரித்து இருமிக்கொண்டிருந்தார்; நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டீர்கள். அவர் முன்னால் சொல்ல முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நீங்கள் போனதும் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உன்ர சொந்த அண்ணன்ர சாமான் எண்டு தெரியும்தானே. வேற ஒருத்தனைக் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லேல்ல?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் நான் நேர்மைக்காகச் செய்ததாக நினைத்தார்கள்; ஒருவர் பாராட்டவும் செய்தார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். உண்மை வேறு. பணிப்பாளரின் அறைக்குள் போய், இது என் அண்ணனுடையது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் அவருடைய கதவுவரை போய்த் திரும்பினேன். மூன்றாம் நாள் ஒப்பமிடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. ஊடகம் வரும்வரை காத்திருக்க அனுமதி கேட்கவும் அதே அறைக்குள்தான் போகவேண்டும்.

அதைச் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"பதின்மூண்டு வரியமா உன்னை ஒரு நேர்மை பிடிச்ச கழுதை எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன். வெறும் பயந்தாங்கொள்ளி எண்டு தெரிஞ்சிருந்தா அப்பவே விட்டிருப்பன். நீ சின்னனிலயும் அப்பிடித்தானே."

அப்போதுதான் இருமல் வந்தது.

நான் கிளம்பும்போது ஒன்று கேட்டார். பழைய அறிக்கையைத் திருத்தி எழுதித் தரவேண்டுமாம். அதே படிவத்தில், அதே ஒப்பத்துடன். அலுவலகத்துக்கு அல்ல, தனக்கு. இத்துடன் இருக்கிறது. கூடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் ஒன்றும் செய்யாமல் விடலாம். அனுப்பினேன்.

உங்கள் கை சுத்தமில்லையோ என்று யோசித்ததாக நீங்கள் எழுதியிருந்ததைப் பற்றி நேற்று பேசாமல் வந்துவிட்டேன். உங்கள் கை சுத்தமாகத்தான் இருந்தது, அண்ணி. மன்னியுங்கள்.

அன்புடன்,
சவுந்தரம்


வெள்ளவத்தை,
12.11.2024

அன்பின் சவுந்தரம்,

நேற்றுக் காலை ஒரு முழுப் போத்தல் குடித்துவிட்டுத்தான் தராசில் ஏறினார். அது போதாதென்று காற்சட்டைப் பையில் வீட்டுத் திறப்புக்கோர்வையும் அலுமாரித் திறப்பும். தாதி கண்டுபிடித்து எடுத்துவிட்டா. "ஐயா, சிறைச்சாலை வைச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டா. எடுத்த பிறகு நாற்பத்தாறு கிலோ நூறு. நான் தராசை இரண்டு தரம் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சத்திரசிகிச்சை. ஆபத்து இருக்கிறது என்று பெரிய டொக்டர் மறைக்காமல் சொன்னார். இந்த வயதில் இருக்கும்தானே என்று உங்கள் அண்ணன் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

உங்கள் அறிக்கை தலையணைக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பேனாவுடன் வாசித்தார். "ஆய்வாளரின் கடமைத் தவறு" என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்களாம். இரண்டை வெட்டிவிட்டார். "ஒருக்காச் சொன்னாப் போதும். இவனுக்கு எப்பவும் கூடத்தான்" என்றார்.

இன்று வார்ட்டில் ஒரு படிவம் தந்தார்கள். சத்திரசிகிச்சை நாளில் நோயாளியோடு நிற்க ஒரேயொருவருக்குத்தான் அனுமதி அட்டை. நான் என் பெயரை எழுதத் தொடங்கினேன். பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"அவன்ர பேரைப் போடு."

நாற்பத்தாறு வருடம் கூடக் கிடந்தவள் நான், என்ன நியாயம் இது என்று கேட்டேன்.

"நீ அழுதுகொண்டு நிப்பாய். அவனும் பயந்துகொண்டுதான் நிப்பான். ஆனா எத்தினை மணிக்கு என்ன மருந்து குடுத்தவை எண்டு ஒண்டு விடாம எழுதி வைப்பான்."

உங்கள் முழுப் பெயரையும் எழுதினேன். உறவு முறை என்ற இடத்தில் அவரே வாங்கி எழுதினார், தம்பி என்று.

வியாழன் காலை ஆறரைக்குள் வாருங்கள். அடையாள அட்டை வேண்டும். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். பயமாக இருந்தால் நடுவில் வந்து என்னோடு ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
மாக்ரெட் அண்ணி